பாக்கெட்டில் என் பெயர்

கூடுவாஞ்சேரி
4.8.2024

பூங்கொடிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். ஆறு வருஷமாக உன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அதைப் பெருந்தன்மை என்று உங்களில் யாரும் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. உன் வீட்டில் இருப்பது ஒரே போன், கூப்பிட்டால் உன் கணவர் ஜானகிராமன் எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். இப்போது மணி அடிப்பதுகூட இல்லை, எண்ணையே தடுத்துவிட்டார் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் ரயில் நிலையத்தில் மோசஸைப் பார்த்தேன். தொழிற்சாலையில் என் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன். “சார், உங்க ஐட்டம் சூப்பர் சார். வூட்ல சாப்ட்டுகினு கீறாங்க, வயிறு இப்ப நல்லா கீது” என்றான்.

“எந்த ஐட்டம்?”

“தமாஷ் பண்ணாதீங்க சார். உங்க பேரே போட்டுகீது!”

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். போட்டுத்தான் இருந்தது. ‘குடல் காவல்’ என்று பச்சை எழுத்து. நார்ச்சத்தும் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்தது, எதிர்ப்பு சக்தி பெருகும், தினம் ஒரு பாக்கெட். கீழே, ‘ஆலோசனை: முனைவர் ச. சதாசிவம், நுண்ணுயிரியல்.’ அதற்கும் கீழே திருவிடந்தை, உன் வீட்டு முகவரி.

என்னை யார் கேட்டது? இதே மாதிரிச் சரக்குத் தயாரித்த இடத்தில் தரக்கட்டுப்பாட்டுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். உயிரோடு இருக்க வேண்டிய கிருமிகள் பாதி செத்துப்போன ஒரு தொகுதிச் சரக்கை வெளியே அனுப்பக் கையெழுத்துக் கேட்டார்கள். போட மாட்டேன் என்றேன். வேலை போயிற்று. அங்கே நான் வேன் டிரைவராகச் சேர்த்துவிட்ட உன் கணவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூலப்பொருள் டிரம் எங்கிருந்து வருகிறது, சரக்கு எந்தக் கடைக்குப் போகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு சொந்தமாகத் தொடங்கிவிட்டார். ஒரு கையெழுத்துக்காக வேலையை இழந்தவனின் பெயரை, அவனைக் கேட்காமலே பாக்கெட் பாக்கெட்டாக அச்சடிக்கிறார்.

கேட்காமல் செய்வது உங்களுக்குப் புதிதும் அல்ல. அனுவின் மஞ்சள் நீராட்டுக்கு நான் சீர்த் தட்டோடு மண்டபத்துக்குள் நுழைகிறேன், உன் மைத்துனர் போட்ட மாலை அவள் கழுத்தில் கிடக்கிறது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போதே! எல்லோரும் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்கள். நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கடைசியாக மோசஸ் சொன்னது. “உங்க தங்கச்சி பொண்ணுக்கு பிளட் கேன்சர்னு கோவளம் கடைக்காரர் சொன்னாரு. மனசு கஷ்டமா கீது சார்.” ரயில் வந்துவிட்டது, அவன் ஏறிப் போய்விட்டான். என் மருமகளுடைய நோயை நான் தெரிந்துகொண்ட விதம் இது.

அனுவுக்கு அந்தப் பாக்கெட்டைக் கொடுக்கிறீர்களா? கொடுத்தால் இன்றே நிறுத்து. நல்ல உடம்புள்ளவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை, சிலருக்கு நன்மைகூட உண்டு. அதில் கலக்கிற நார், காபித்தூளில் சேர்க்கிறார்களே சிக்கரி, அந்த வேரிலிருந்து எடுப்பது. குடலில் இருக்கும் கிருமிகளுக்கு அது தீனி. ஆனால் கீமோ ஏறிய உடம்பில் குடலின் உள்தோல் புண்ணாகிக் கிடக்கும், காவலுக்கு வெள்ளையணு இருக்காது. அங்கே நல்ல கிருமி, கெட்ட கிருமி என்றெல்லாம் இல்லை. உயிரோடு இருக்கிற எதுவும் இரத்தத்துக்குள் போகக் கூடாது.

என் பெயரையும் எடுக்கச் சொல்.

முனைவர் ச. சதாசிவம்


திருவிடந்தை
10.8.2024

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் ஏசுபாதம், “இன்னாம்மா, கையால எழுதின லெட்டரு? கோர்ட்டு நோட்டீஸா?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். படித்து முடித்ததும் அவர் கேட்டது சரிதான் என்று தோன்றியது. கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் முனைவர் என்று கையெழுத்துப் போடுகிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் பெயர் வந்தது, வேலை வந்தது, மாலை வந்தது. என் பிள்ளை கடைசிப் பக்கத்தில்தான் வந்தாள்.

மாலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். நீ வரவில்லை. தாம்பரத்தில் பஸ் நிற்கிறதா, கேளம்பாக்கத்தில் நிற்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. நீ போனையும் எடுக்கவில்லை. நான்தான் மைத்துனரைப் போடச் சொன்னேன். அனுவின் அப்பா அல்ல, நான். நீ மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனபிறகு அனு அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள். உனக்கு இது தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அவளுக்கு நோய் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்காமல் கேட்கிறாய். ஊசி, இரத்தம், ஸ்கேன் என்று ஓடிக்கொண்டிருக்கும்போது உன் கோபத்தையும் தூக்கிக்கொண்டு ஓட எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு நாங்கள் பவுடர் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தயிர்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழம் என்றால் தோல் உரித்தது, தண்ணீர் என்றால் கொதித்து ஆறியது. எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறோம். உன் படிப்பு எங்களிடம் இல்லாமல் இருக்கலாம், பயம் இருக்கிறது.

உன் பெயரைப் பற்றி அவரிடம் சொன்னேன். “ஒங்க அண்ணன் பேர போட்டா இன்னா, மூக்கா அறுந்துடும்? சும்மாதான கெடக்குது வூட்ல அந்தப் பட்டம்” என்றார். அவருடைய வாய் உனக்குத் தெரியும். கேட்காமல் போட்டது தப்புதான், நான் ஒப்புக்கொள்கிறேன்.

தொழில் வீட்டிலேயே நடக்கிறது. முன் அறையில் கலந்து, அங்கேயே பாக்கெட் போடுகிறோம். பெருமாள் கோயிலுக்குக் கல்யாண வேண்டுதலுக்கு வருகிற கூட்டத்தில் கொஞ்சம் விற்கிறது, மிச்சம் ஈசிஆர் கடைகளுக்குப் போகிறது. வெளியூர்ப் பெரியவர்கள் சிலர் இன்னமும் தபாலில் ஆர்டர் கேட்டு எழுதுகிறார்கள். அந்த உறைகளை அவர் பிரிப்பதே இல்லை, அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார்.

அனு இரண்டு கீமோவுக்கு நடுவில் வீட்டில்தான் இருக்கிறாள். தனியாக ரூமில் படுத்திருந்தால் சுவரையே பார்க்கிறாள். அதனால் பகலில் முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். பேக்கிங் செய்ய வரும் வேண்டா அக்கா இருந்தால் அவளுக்கு நேரம் போய்விடும். நேற்று, “அக்கா, உனக்கு யாரு வேண்டான்னு பேரு வெச்சது?” என்று கேட்டாள்.

“மூணாவதும் பொட்டையா பொறந்துட்டேன், எங்க நைனா வேண்டான்னு சொல்லிகினு இந்தப் பேர வெச்சுட்டாரு. இப்ப அவுருக்குக் கஞ்சி ஊத்தறது யாரு? இந்த வேண்டாதான். ஒரு நாளு ஊத்தாம வுட்டா, வேணும் வேணும்னு கத்துவாரு பாரு!”

அனு அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிறது. அவளும் சும்மா இருப்பதில்லை, பாக்கெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தருவாள். ஃபேன் காற்றில் பவுடர் பறந்து அவள் நெற்றியில் படிந்திருந்தது. கீமோவில் புருவமெல்லாம் கொட்டிவிட்டதே, அந்த இடத்தில் வெள்ளையாகப் புருவம் முளைத்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் காட்டினேன். அதற்கும் சிரித்தாள்.

உன் தங்கை,
பூங்கொடி


கூடுவாஞ்சேரி
14.8.2024

பூங்கொடிக்கு,

வேண்டா சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன். அடுத்த வரிக்கு வந்ததும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். மறுபடி உட்கார்ந்து படிக்க நேரமாயிற்று.

மருந்து ஏற்றுவதற்காக அனுவின் கையிலோ கழுத்திலோ குழாய் பொருத்தியிருக்கிறார்களா? வீட்டுக்கு அனுப்பும்போதும் அதை எடுக்காமல் அனுப்புகிறார்களா? முதலில் இதைச் சொல்.

அப்படி இருந்தால், அந்தக் குழாயின் மறுமுனை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வெளியே மூடி, உள்ளே நேராக இரத்தம். நடுவில் தோலும் இல்லை, குடலும் இல்லை. பவுடரை அவள் வாயில் போட வேண்டும் என்பதே இல்லை. காற்றில் பறந்தது அந்த மூடியின் மேல் படிந்தால் போதும். பவுடர் பட்ட விரல் அதைத் தொட்டால் போதும். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதே, இது விரலில் ஒட்டிக்கொள்ளும்.

நான் கதை கட்டவில்லை. வேலையில் இருந்தபோது மருத்துவ இதழ்களில் படித்திருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கொடுக்க இந்த மாதிரிப் பாக்கெட் ஒன்றைக் கட்டில் பக்கத்தில் பிரித்தார்கள். அதைத் தொடாத பக்கத்துக் கட்டில்காரரின் இரத்தத்தில் அது வளர்ந்தது. அவருக்குக் கழுத்தில் குழாய் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலைப் பாக்கெட்டில் ‘குழாய் வைத்த நோயாளி பக்கத்தில் பிரிக்க வேண்டாம்’ என்று அச்சிட வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். யாருக்கும் காதில் விழவில்லை.

இது எல்லா வகைக்கும் ஒரே அளவில் பொருந்தாது. மிகவும் அஞ்ச வேண்டியது ஒரு வகை ஈஸ்ட். அதனால் டிரம்மின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுது.

அதுவரை அவளை அந்த அறைக்குள் விடாதே. முடிந்தால் தொழிலையே வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சொல். வேன் ஓட்டுகிறவனிடம் உயிருள்ள சரக்கைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு எதைக் கலக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? அவனை நம்பி நோயாளிப் பெண்ணை அந்தத் தூசியில் உட்கார வைத்திருக்கிறாயே, உனக்காவது புத்தி வேண்டாமா?

உடனே பதில் போடு.

ச. சதாசிவம்


திருவிடந்தை
8.9.2024

அண்ணா,

உன் இரண்டாவது கடிதத்தை அவர்தான் முதலில் பார்த்தார். உறை மேலே அனுப்புநர் என்று போட்டு உன் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தாய். வேன் ஓட்டுகிறவன் என்கிற இடம் வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துத்தான் நான் படித்தேன். குழாயைப் பற்றி எழுதியது முழுசாகக் கிடைத்தது. அதற்குப் பிறகு நீ வராமல் இருந்திருந்தாலாவது கொஞ்சம் தணிந்திருக்கும்.

நீ கேட்டுக்கு வெளியே நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கி வரவில்லை, அங்கேயே நின்று கேட்டேன்.

“இன்னா மச்சான், இப்பத்தான் வயி தெரிஞ்சுதா?” என்று அவர் கேட்டதும், நீ அனு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் காதில் விழுந்தது.

“ஒனக்கு இன்னாத்துக்கு அது? வேன் ஓட்றவனுக்கு அட்ரஸ்லாம் சொல்லத் தெரியாது மச்சான். நீதான் படிச்சவனாச்சே, தேடிக் கண்டுபுடி.”

நீ ஏதோ சொன்னாய், அது கேட்கவில்லை. அவர் கேட்டைச் சாத்தினார். அனு உள்ளே இருந்து, “மாமா வந்துட்டு ஏம்மா வூட்டுக்குள்ள வரல?” என்று கேட்டாள். வேலை இருக்கிறதாம் என்று சொன்னேன்.

அவரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று நினைக்காதே. அன்று சாயங்காலம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முன் அறைக்கும் நடு அறைக்கும் நடுவில் என் பழைய புடவையைத் திரையாகக் கட்டினார். அனுவை நடு அறைப் பக்கம் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் அவரால் இறங்கி வர முடிந்தது.

குழாய் இருக்கிறது. முழங்கைக்கு மேலே, உள்பக்கத்தில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திவ்யா என்று ஒரு நர்ஸ் பெண் ஸ்கூட்டரில் வந்து, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, புதுசாகக் கட்டிவிட்டுப் போகிறாள். மற்ற நாளில் அனுவின் கையைத் தன்னைத் தவிர யாரையும் தொட விட மாட்டார் அவளுடைய அப்பா. நான் குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஈரம் படக் கூடாது என்று பாலிதீன் சுற்றி டேப் ஒட்டிவிடுவது அவர்தான். குளித்து வந்ததும் பிரித்து, பஞ்சால் துடைத்துவிடுவதும் அவர்தான். கலவை போட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே எழுந்து வந்துவிடுவார்.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி, திவ்யா தண்ணீர் விட்டுப் போன கொஞ்ச நேரத்தில் அனுவுக்குக் குளிர் வந்தது. பல் அடித்துக்கொண்டது, மூன்று போர்வை போர்த்தினேன். அப்புறம் காய்ச்சல். காலையில் விட்டுவிட்டது. மழைக் குளிர் என்று நினைத்தோம். இந்த வெள்ளியும் அதே மாதிரி. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தோம், மாத்திரை சொன்னார்கள், திரும்ப வந்தால் உடனே அழைத்து வரச் சொன்னார்கள். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. இட்லி சாப்பிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை என்றாலே முகம் மாறுகிறது அவளுக்கு. “அந்தத் தண்ணி வோணாம்மா” என்கிறாள்.

வீட்டில் பவுடர் கட்டுவதை டாக்டரிடம் நாங்கள் சொல்லவே இல்லை. சொன்னால் எங்களைத் திட்டி, பிள்ளையைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவருக்கு வேறு பயம், லைசென்ஸ் இன்னும் வரவில்லை. நீ ஆபீசர் யாருக்காவது எழுதிப் போடுவாய் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். “பாத்துகினே இரு, படிச்சவன் நேர்ல வர மாட்டான், மொட்டைக் கடுதாசிதான் போடுவான்.” அப்படி ஏதும் செய்துவிடாதே அண்ணா. தொழில் நின்றால் மருந்தும் நின்றுவிடும்.

டிரம்மில் இருப்பதை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதுகிறேன். சாக்-க-ரோ-மை-சஸ். அடுத்தது போ-லார்-டி. இன்னொரு எழுத்து இருக்கிறது, வாசிக்க வரவில்லை. அடியில் லைவ் என்று போட்டிருக்கிறது.

இனிமேல் உறையில் உன் பெயர் போட்டு எழுதாதே. உன் பெயரைப் பார்த்தாலே என் கைக்கு வராது. பயமாக இருக்கிறது அண்ணா. இரண்டும் ஒன்றுதானா என்று மட்டும் சொல். குளிரும் அந்தப் பவுடரும்.

பூங்கொடி


கூடுவாஞ்சேரி
11.9.2024, புதன் காலை

பூங்கொடி,

ஒன்றாக இருக்கலாம். பரிசோதிக்காமல் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீ எழுதியதைப் படித்தபிறகு, இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நீ எழுத்துக்கூட்டி எழுதியது அந்த ஈஸ்ட்தான். குழாய்க்குள் அது ஒட்டிக்கொண்டிருந்தால் சும்மா கிடக்கும்போது தெரியாது. தண்ணீரை உள்ளே தள்ளும்போது அதுவும் சேர்ந்து இரத்தத்துக்குள் போகும். அப்போதுதான் குளிர் எடுக்கும். நீ இரண்டு வெள்ளிக்கிழமைகளில் பார்த்தது அதுதான் என்று அஞ்சுகிறேன். மூன்றாவது வெள்ளி நாளை மறுநாள்.

இந்த வெள்ளி அந்தக் குழாயில் திவ்யா ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. வெள்ளி வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்ததும் அனுவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. காய்ச்சல் இல்லை, இட்லி சாப்பிட்டாள் என்று நின்றுவிடாதே. அங்கே போய், குழாயில் தண்ணீர் விடும்போதெல்லாம் குளிர் வருகிறது, வீட்டில் உயிருள்ள ஈஸ்ட் பவுடரைப் பாக்கெட் போடுகிறோம் என்று சொல். இதைச் சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கமான பாக்டீரியாவை நினைத்து அதற்கு மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து ஈஸ்டை ஒன்றும் செய்யாது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது. குழாயையும் எடுத்துவிடுவார்கள். கேட்டுப் பயப்படாதே, எடுப்பதுதான் நல்லது.

உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். திட்டிவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன். போன கடிதத்தில் அவருடைய கையைப் பற்றி நான் எழுதிய வரி கிழிந்துதான் போயிருக்கும், கிழிந்தே இருக்கட்டும். உன் கடிதத்தில் பாலிதீன் சுற்றுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘உங்கள் கையால்தான் வந்தது’ என்று அவரிடம் சொல்லாதே. இப்போது மட்டுமல்ல, பிறகும் சொல்லாதே. எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டால் காற்றில் வந்தது என்று சொல். அதுவும் பொய் இல்லை. இனிமேல் அந்தக் கையை நர்ஸ் மட்டும் தொடட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்லிவிடு. திரை போதாது. டிரம் வெளியே போக வேண்டும், நீ கிளம்புவதற்கு முன் உடை மாற்றிக்கொள்.

பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கவரில் போட்டுக் கட்டி, அனு பக்கம் வராமல் நீ வைத்துக்கொள். டாக்டர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? பெயரும் வகையும் அதில்தான் இருக்கிறது.

என் பெயரும் அதில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதியிருந்தேன். இப்போது எடுக்க வேண்டாம். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால் அதைப் பிய்த்துவிட்டுக் கொண்டுபோ. யார் செய்தது என்று அவர்கள் கேட்டால் அந்த வரியைக் காட்டு. ‘இவர்தான் ஆலோசனை சொன்னவர், கூப்பிட்டுக் கேளுங்கள்’ என்று என் எண்ணைக் கொடு. எதைத் தேட வேண்டும், எதை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் அவர்களிடம் பேசுகிறேன். லைசென்ஸ் என்று பேச்சு வந்தாலும் என் பக்கம் கையைக் காட்டு. தொழிற்சாலையில் அந்தத் தொகுதிக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. இதற்குப் போட்டதாகவே இருக்கட்டும்.

இதையெல்லாம் பார்த்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று மாப்பிள்ளை நினைத்துவிட வேண்டாம். அனு எழுந்து நடமாடட்டும், அவரோடு எனக்குப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. மாலையை நீதான் போடச் சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய், அதையும் நான் மறக்கவில்லை. நாற்காலியில் வைத்த மாலையை அவள் எடுத்துப் போட்டுக்கொண்ட போட்டோ உன்னிடம் இருந்தால் எனக்கு ஒன்று அனுப்பு. இப்போது வேண்டாம். பிறகு.

இந்தக் கடிதம் நாளை உன் கைக்கு வர வேண்டும். கூடுவாஞ்சேரியில் போட்டால் முத்திரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், நாளும் ஆகும். அதனால் பஸ் பிடித்துக் கோவளம் போய் அங்கே காலைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். வராமல் போனால் என்ன செய்வது என்றும் நினைத்துவைத்திருக்கிறேன். வெள்ளி காலை உன் தெருமுனையில் நிற்பேன். திவ்யாவின் ஸ்கூட்டரை மறித்துச் சொல்வேன். மாப்பிள்ளை அடித்தால் அடிக்கட்டும்.

உறையின் மேல் முகவரியை அச்சு எழுத்தில், என் கை தெரியாமல் எழுதியிருக்கிறேன். மூலையில் ‘குடல் காவல் ஆர்டர்’ என்று போட்டிருக்கிறேன். ஆர்டர் என்றால் பிரிக்காமல் உன்னிடம் கொடுத்துவிடுவார் என்று நீதானே எழுதினாய். அனுப்புநர் இடம் காலி.

உள்ளேயும் பெயர் எழுதப் போவதில்லை. பழக்கத்தில் முனைவர் என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துவிட்டு, இந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதினேன். பெயர் பாக்கெட்டில் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும். மாப்பிள்ளை சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள். படித்தவன் மொட்டைக் கடுதாசிதான் போடுகிறான். பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஒட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.